பாபாசாகேப்பும் நீர்நிலைகளும்

பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் அவர்களின் சரித்திரம் நம் உபாசக உபாசிகைகளுக்குப் புதியதன்று. ஏப்ரல் 14, அக்டோபர் 14, டிசம்பர் 6 ஆகிய நாட்களில் அது நம் விகாரைகளில் ஆண்டுதோறும் எடுத்துரைக்கப்படுகின்றது. ஆயினும் அங்ஙனம் உரைக்கப்படும் சரித்திரத்தில் அன்னார் அரசியல் சட்டத்தைக் கையிலேந்தியவராகவே பெரும்பாலும் காட்சியளிக்கின்றார். சிலைகளும் அவ்வாறே அமைந்துவிட்டன. அவர் அடிப்படையில் ஒரு பொருளியல் மாணவர் என்பதையும், நிலமும் நீரும் எவர் ஆளுகையில் இருக்கின்றன என்ற வினாவை நெடுநாள் ஆராய்ந்தவர் என்பதையும், இந்தியாவின் நதிகளைப் பற்றிய இலாகாவை நான்காண்டுகள் நடத்தியவர் என்பதையும் நம்மவருள் அறிந்தோர் சிலரே.

இக்காலத்துப் பல்கலைக்கழகங்களில் இயற்கை வளங்களின் நிர்வாகத்தில் சமநீதி, அதிகாரம் என்பன பற்றி முதுகலை மாணவர்கள் தனிப் பாடமாகவே பயில்கின்றனர். நம் குடும்பத்துப் பிள்ளைகளும் அத்துறைகளில் சேர்ந்து வருகின்றனர். அத்துறை பெயர் பெறாத நாளிலேயே அதனுள் இறங்கிய ஒருவரின் வாழ்வில் அப்பகுதியை மட்டும் ஈண்டு எழுத முற்படுகின்றோம். வட்டமேஜை மகாநாடு, பூனா ஒப்பந்தம் முதலியன பற்றிப் பலரும் விரிவாக எழுதியிருத்தலின் அவற்றை நாம் தொடவில்லை.

பீமராவ் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் மாவ் என்னும் இராணுவ முகாமில் பிறந்தார். தந்தையார் சுபேதார் இராம்ஜி சக்பால் இராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். தாயார் பீமாபாய், மகன் சிறு பிள்ளையாக இருக்கும்போதே காலமானார். குடும்பம் சதாராவில் குடியிருந்தது. பள்ளியில் அவருக்குத் தனிக் கோணிப்பை ஆசனம். தாகமெடுத்தால் தாமே குழாயைத் திறத்தல் கூடாது. பள்ளிச் சேவகன் வந்து திறந்துவிட வேண்டும். சேவகன் வராத நாளில் தண்ணீர் இல்லை. தண்ணீருக்குப் பஞ்சம் இருந்ததாகச் சொல்வதற்கில்லை. குழாய் அங்கேயே இருந்தது, அதில் நீரும் வந்தது. திறக்கும் கைதான் வேறொருவனுடையது.

1901-ஆம் ஆண்டில் நடந்த பிரயாணம் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அப்போது தந்தையார் கடாவ் தாலூகாவைச் சேர்ந்த கோரேகாவில் காசாளராக உத்தியோகம் பார்த்து வந்தார். பஞ்சத்தால் மக்கள் ஆயிரக்கணக்கில் மடிந்துகொண்டிருந்த காலம் அது. பட்டினி கிடந்தோருக்கு வேலை கொடுக்கும்பொருட்டுப் பம்பாய் சர்க்கார் அங்கே ஓர் ஏரியை வெட்டத் தொடங்கியிருந்தது. அந்த ஏரி வேலைக்குக் கூலிக் கணக்குப் பார்த்தவர்களுள் ஒருவர் சுபேதார் இராம்ஜி. கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளைத் தம்மிடம் வருமாறு அவர் கடிதம் எழுதினார். பீமராவும் அவர் தமையனாரும் சகோதரியின் மக்களும் புத்தாடை உடுத்து மசூர் இரயில் நிலையத்தில் இறங்கினர். அவர்கள் வருகையை அறிவித்த கடிதத்தைத் தந்தையாரிடம் கொடுக்க வேலைக்காரன் மறந்துவிட்டமையால் அழைத்துச் செல்ல ஒருவரும் வரவில்லை. பிள்ளைகள் இன்னாரென்று தெரிந்ததும் நிலைய அதிகாரியின் முகம் மாறிற்று. வண்டிக்காரர் ஒருவரும் இசையவில்லை. இரட்டைக் கூலி தருவதாகவும், பிள்ளைகளே வண்டியை ஓட்டுவதாகவும், வண்டிக்காரன் உடன் நடந்து வரலாம் என்றும் பேசி முடித்த பின்னரே ஒரு வண்டி கிடைத்தது.

கட்டுச்சோறு கையில் இருந்தது. தண்ணீர் இல்லை. வழியிலிருந்த ஆற்றுப் பள்ளத்து நீர் மாட்டுச் சாணமும் மூத்திரமும் கலந்து வாயில் வைக்கக் கூடாததாக இருந்தது. இரவில் ஒரு சுங்கச்சாவடியை அடைந்தனர். வண்டிக்காரனின் யோசனைப்படி பத்து வயதுப் பிள்ளை தம்மை முஸ்லிம் என்று சொல்லிக்கொண்டு சாவடிக்காரரிடம் தண்ணீர் கேட்டார். குன்றின்மேல் தண்ணீர் இருக்கிறது, போய்க் குடித்துக்கொள் என்னும் பொருள்பட அவர் கடிந்து அனுப்பினார். கூடையில் உணவிருந்தும் தண்ணீரின்றி உண்ண முடியாமல் அப்பிள்ளைகள் இரவு முழுதும் பட்டினி கிடந்தனர். மறுநாள் முற்பகலில் கோரேகாவ் போய்ச் சேர்ந்தனர். ஊருக்கு நீர் சேமிக்க ஏரி வெட்டும் இடத்தில் தந்தை கூலி எண்ணிக்கொண்டிருந்தார். அவரிடம் போகும் வழியில் மக்களுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுப்பாரில்லை. பிற்காலத்தில் பாபாசாகேப் தம் அனுபவங்களை எழுதத் தொடங்கியபோது இப்பிரயாணத்தையே முதலில் வைத்தார். அதன் காரணத்தை வாசகர்களே உணர்வர்.

பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் 1912-இல் பி.ஏ. முடித்தார். பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையைக் கொண்டு 1913-இல் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மூன்றாண்டுக் காலத்தில் அவர் எடுத்துக்கொண்ட பாடங்களின் எண்ணிக்கை பிரமிக்கத்தக்கது. பொருளியலில் மட்டும் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4. செலிக்மனிடம் பொதுநிதியைப் பயின்றார்; ஜான் டூயியிடம் தத்துவம் கேட்டார். 1915-இல் எம்.ஏ. பட்டத்துக்கு அவர் எடுத்த பொருள் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும். டாக்டர் பட்டத்துக்கு எடுத்த ஆராய்ச்சி, மத்திய சர்க்காருக்கும் மாகாணங்களுக்கும் இடையிலான நிதி உறவின் வளர்ச்சியாக 1925-இல் நூலுருப் பெற்றது. இவை வறண்ட கணக்கு நூல்கள் என்று தோன்றலாம். ஆனால் வரி எவரிடம் வாங்கப்படுகிறது, எவருக்காகச் செலவிடப்படுகிறது, அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் எவ்விடத்தில் இருக்கிறது என்பவையே அவற்றின் உள்ளீடு. நிலவரியின் சுமையையும், கம்பெனியார் பொதுமராமத்துக்குச் செலவிட்ட தொகையின் சிறுமையையும் அவர் இவ்வாறே அளந்து காட்டினார்.

1916 மே 9-இல் கோல்டன்வைசர் நடத்திய கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் என்ற கட்டுரையைப் படித்தார். சாதி என்பது தன்னைச் சுற்றி அடைப்பிட்டுக்கொண்ட வகுப்பு, அகமணமே அவ்வடைப்பு என்பது அதன் முடிவு. ஆக, ஒரு கையில் பொருளியல், மறு கையில் சாதியாராய்ச்சி. இவ்விரண்டும் ஒரே ஏட்டில் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின.

லண்டனில் மேற்படிப்பைத் தொடங்கிய சில மாதங்களில் உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917-இல் திரும்பினார். பரோடாவில் அவருக்குத் தங்க வீடு கிடைக்காமற் போனதும், பார்சி விடுதியிலிருந்து தடி கொண்டு துரத்தப்பட்டதும் யாவரும் அறிந்தவை. 1918-இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். மாணவர்கள் அவர் விரிவுரையைக் கேட்கத் திரண்டனர். ஆசிரியர் அறையில் இருந்த தண்ணீர்க் கூஜாவை அவர் தொடுவதையோ உடனாசிரியர் சிலர் ஆட்சேபித்தனர்.

அவ்வாண்டிலேயே இந்தியாவில் சிறு நிலவுடைமைகள் பற்றி ஒரு கட்டுரையை அவர் பொருளியல் சங்க இதழில் வெளியிட்டார். நம் எண்ணத்தில், இன்றைய மாணவர் முதலில் படிக்க வேண்டியது அதுவே. அக்காலத்து அறிஞர் பலர், இந்தியக் குடியானவன் ஏழையாக இருப்பதற்குக் காரணம் பாகப்பிரிவினையால் நிலம் துண்டு துண்டாகச் சிதறியதே என்று கருதினர். துண்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கி, மேலும் பிரியாதபடி சட்டம் செய்தால் போதும் என்றனர். பாபாசாகேப் இதை ஏற்கவில்லை. நிலத்தின் அளவு தனித்து நின்று நன்மையோ தீமையோ செய்வதில்லை. அதன்மேல் இடப்படும் மூலதனம், மாடு, கருவி, உழைப்பு ஆகியவற்றோடு பொருந்துகிறதா என்பதே கேள்வி என்றார். குடியானவனிடம் இருக்கும் சொற்பக் கருவிகளை வைத்துப் பார்த்தால் இருக்கும் நிலமே சிறிதன்று, பெரிது என்றும் காட்டினார். வேறு தொழிலின்றி நிலத்தின்மேல் சாய்ந்து கிடக்கும் கூட்டமே உண்மையான நோய். அதற்கு மருந்து கைத்தொழில் வளர்ச்சி என்பது அவர் துணிபு.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறோம் என்றால், வளம் குறைவு என்ற பேச்சைக் கேட்டவுடன் வளத்தை மட்டும் அளக்கப் போகாமல், அதனோடு மக்களுக்கு உள்ள உறவை அளக்கும் பழக்கம் அவருக்கு அன்றே வாய்த்துவிட்டது. 1927 அக்டோபரில் சிறுநில மசோதா ஒன்று பம்பாய்ச் சட்டசபைக்கு வந்தபோதும் இதே நோக்கிலிருந்து அதை எதிர்த்தார். துண்டு நிலங்களைச் சேர்த்து விற்பதனால் சிலர் பெரிய நிலக்காரராவர், பலர் நிலமற்ற கூலிகளாவர். அதைவிடக் கூட்டுறவு விவசாயம் நன்று என்று வாதித்தார்.

மீண்டும் லண்டன் சென்று எம்.எஸ்ஸி., டி.எஸ்ஸி. பட்டங்களும் பாரிஸ்டர் தகுதியும் பெற்று 1923-இல் திரும்பிய கதையை நாம் விரிக்கவில்லை. அதே 1923 ஆகஸ்டு 4-இல் எஸ்.கே. போலே என்பவர் கொணர்ந்த தீர்மானத்தைப் பம்பாய்ச் சட்டசபை நிறைவேற்றியது. பொதுப் பணத்தில் கட்டிக் காக்கப்படும் குளம், கிணறு, பள்ளி, சத்திரம் முதலியன தீண்டாதார் எனப்பட்டோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது அது. கொலாபா ஜில்லா மகாட் நகரசபையும் 1924-இல் தன் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் செய்தது. தீர்மானம் புத்தகத்தில் இருந்தது. குளத்தில் இறங்கியவர் எவருமில்லை. முஸ்லிம்கள் அதில் நீர் எடுத்தனர், கிறிஸ்தவர் எடுத்தனர், கால்நடைகளும் குடித்தன.

1927 மார்ச் 19, 20 ஆகிய நாட்களில் மகாடில் மகாநாடு கூடிற்று. வந்திருந்த ஆயிரக்கணக்கானோருக்குக் குடிநீர் வேண்டி மேல்சாதியாரிடமிருந்து 40 ரூபாய்க்குத் தண்ணீர் விலைக்கு வாங்க நேர்ந்தது. குளம் சிறிது தூரத்தில் நிறைந்து கிடந்தது! 20-ஆம் நாள் பாபாசாகேப் முன்செல்ல, மக்கள் வரிசையாக நடந்து சவுதார் குளத்தை அடைந்தனர். அவர் இறங்கி நீரை அள்ளிக் குடித்தார், மற்றவரும் குடித்தனர். சற்று நேரத்தில், இவர்கள் வீரேஸ்வரர் கோயிலுக்குள் நுழையப் போகின்றனர் என்ற பொய்ச் செய்தி ஊரில் பரவியது. தடிகளோடு வந்த கூட்டம், ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்களை அடித்துப் பலரைக் காயப்படுத்திற்று. பதிலுக்குப் பதில் செய்யத் துடித்த தம் மக்களைப் பாபாசாகேப் தடுத்து நிறுத்தினார். பின்னர் ஊரார் பாலும் தயிரும் சாணமும் கோமூத்திரமும் கலந்து 108 குடங்களால் குளத்தைச் சுத்தி செய்தனர். கால்நடை இறங்கியபோது வேண்டாத சுத்தி மனிதர் இறங்கியதும் வேண்டியதாயிற்று.

ஆகஸ்டு 4-இல் நகரசபை தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. டிசம்பரில் இரண்டாம் மகாநாடு கூட இருந்த வேளையில், குளம் தனியார் சொத்து என்று சிலர் வழக்குத் தொடுத்துத் தடையுத்தரவும் வாங்கினர். டிசம்பர் 25-இல் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. ஆனால் தடையுத்தரவை மீறிக் குளத்தில் இறங்க வேண்டா என்று பாபாசாகேப் தீர்மானித்தார். மக்கள் ஊர்வலமாகச் சென்று நீரைத் தொடாமல் திரும்பினர். வழக்கு மூன்று நீதிமன்றங்களில் நடந்தது. தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்று வாதிகள் சொன்னதை மெய்ப்பிக்க இயலவில்லை என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 1937 மார்ச் 17-இல் முடிவு கூறியது. ஒரு கை நீர் அள்ளிய நாளிலிருந்து அந்த உரிமை உறுதிப்பட்ட நாள் வரை, மூன்று நாள் குறையப் பத்தாண்டுகள். சட்டசபையின் தீர்மானம், நகரசபையின் தீர்மானம், மக்களின் கால்கள், நீதிமன்றத்தின் முடிவு ஆகிய நான்கும் சேர்ந்த பிறகே ஓர் ஊர்க் குளம் பொதுக் குளமாயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

வடஆற்காட்டுச் சேரிகளை விட்டுக் கோலார் தங்கவயலுக்கு இரயிலேறிய நம் பாட்டனார்களுக்கு இது புதுக் கதையாக இருந்திராது. ஏரியைத் தூர்வாரச் சேரியின் கை வேண்டும்; மடை திறந்து வயலுக்கு வயல் நீர் பாய்ச்சும் நீர்க்கட்டியும் பல ஊர்களில் சேரிக்காரரே. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் போக வேண்டும் என்ற கணக்கெல்லாம் அவர் தலையில் இருக்கும். ஊர்க் கிணற்றில் ஒரு குடம் நீர் சேந்த மட்டும் அவருக்கு உரிமையில்லை. நீரைப் பற்றிய அறிவு ஒருவரிடமும் நீரின் மேல் அதிகாரம் வேறொருவரிடமும் இருந்தமைக்கு இதனினும் தெளிந்த உதாரணம் வேண்டுவதில்லை.

பட்டங்கள் இந்நிலையை மாற்றவில்லை. 1934-இல் பாபாசாகேப் நிஜாம் சமஸ்தானத்துத் தௌலதாபாத் கோட்டையைக் காணத் தம் தோழர்களோடு சென்றார். பிரயாணத் தூசியைப் போக்க வாயிலருகிலிருந்த குளத்தில் எல்லாரும் முகமும் காலும் கழுவினர். வெண்தாடி முதியவரான முஸ்லிம் ஒருவர், தீண்டாதார் குளத்தைக் கெடுத்துவிட்டனர் என்று கூவிக்கொண்டு ஓடி வந்தார், கூட்டம் கூடிவிட்டது. நீண்ட வாக்குவாதத்துக்குப் பின், கோட்டைக்குள் எங்கும் தண்ணீரைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையின்மேல், ஆயுதம் தாங்கிய சிப்பாய் ஒருவனைத் துணையாக விட்டு அவர்களை உள்ளே அனுமதித்தனர். பொருளியலில் இரு டாக்டர் பட்டம் பெற்றவருக்கு நேர்ந்தது இது.

இனி நதிகளுக்கு வருவோம். 1942 ஜூலையில் பாபாசாகேப் வைசிராயின் நிர்வாக சபையில் தொழில் இலாகா மெம்பரானார். 1946 ஜூன் வரை அப்பதவியில் இருந்தார். அவ்விலாகாவின்கீழ்த் தொழிலாளர் நலம் மட்டுமின்றி நீர்ப்பாசனம், மின்சாரம், சுரங்கம், பொதுமராமத்து முதலியனவும் இருந்தன. 1943 ஜூலையில் தாமோதர் நதி பர்துவானுக்கு அருகே இடக்கரையை உடைத்துப் பாய்ந்தது. இரயில் பாதையும் கிராண்ட் டிரங்க் சாலையும் அறுபட்டன. யுத்த காலத்தில் கல்கத்தா வட இந்தியாவிலிருந்து துண்டிக்கப்பட்டது. வங்காளம் பஞ்சத்தால் வாடிய அதே ஆண்டு.

அந்நதியின் கரைகளுக்கு ஒரு பழைய கதை உண்டு. இடக்கரைப் பக்கம் பர்துவான் நகரும் பெருஞ்சாலையும் இரயில் பாதையும் இருந்தன. வலக்கரைப் பக்கம் குடியானவரின் வயல்களும் சிற்றூர்களும் இருந்தன. ஆகவே 1850-களில் சர்க்காரே வலக்கரை அணையில் ஏறக்குறைய 20 மைல் நீளத்தை அகற்றி, வெள்ளம் அப்பக்கமாக வழிந்து போகும்படி செய்தது. வெள்ளம் இயற்கையின் செயல்தான். ஆனால் அது எவர் வீட்டுக்குள் புக வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர் மனிதர்.

பாபாசாகேப் இலாகாவின் பொறுப்பை ஏற்றபோது கரையை உயர்த்துவதும் உடைந்த இடத்தை அடைப்பதுமே வழக்கமான வைத்தியம். வெள்ள விசாரணைக் கமிட்டி 1944-இல் வேறு வழியைப் பரிந்துரைத்தது. அறிஞர் மேகநாத் சாஹாவும் அக்கமிட்டியில் இருந்தார். அமெரிக்காவில் 1933-இல் தோன்றிய டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். பாபாசாகேப் அதை ஏற்று, 1945 ஜனவரி 3-இல் கல்கத்தாவில் மத்திய சர்க்கார், வங்காளம், பீகார் ஆகிய மூன்று தரப்பினரையும் ஒரே மேஜையில் அமர்த்தினார். சிக்கல் எங்கே என்பது வெளிப்படை. வெள்ளம் வங்காளத்தில், நீர்த்தேக்கம் கட்ட வேண்டிய மேட்டு நிலம் பீகாரில். ஒருவர் நிலத்தை மூழ்கக் கொடுக்க, மற்றவர் பாதுகாப்புப் பெறுவர். 1935-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாசனம் மாகாணங்களின் அதிகாரம். நதியோ மாகாண எல்லையை அறியாது. வெள்ளத் தடுப்பு மட்டுமின்றிப் பாசனம், மின்சாரம், படகுப் போக்குவரத்து ஆகிய எல்லாவற்றையும் ஒரே திட்டத்தில் வைத்து, நதி முழுவதையும் ஓர் உடலாகக் கொண்டு ஓர் ஆணையத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அவர் நிலை. டென்னசியில் பணியாற்றிய பொறியாளர் வூர்டுயின் வரவழைக்கப்பட்டார். நீர்வழி, பாசனம், கப்பற்போக்கு ஆகியவற்றுக்கான மத்திய கமிஷன் 1945-இல் அமைந்தபோது தலைவர் பதவிக்கு இந்தியப் பொறியாளர் ஏ.என். கோஸ்லாவைப் பாபாசாகேப் தேர்ந்தார்.

அவ்வாண்டு நவம்பர் 8-இல் கட்டாக்கில் ஒரிஸ்ஸா நதிகளைப் பற்றிய மகாநாட்டுக்கும் அவரே தலைமை வகித்தார். முன்பு பல கமிட்டிகள் மகாநதியின் வெள்ளத்தை எவ்வாறு விரைவில் கடலுக்கு விரட்டலாம் என்றே யோசித்தன. அவர் அந்த யோசனையையே தலைகீழாக்கினார். வெள்ளம் பகையன்று, சேமிக்கப்படாத செல்வம். இந்நாட்டு மக்கள் நீர் மிகுந்ததனால் கெட்டதைக் காட்டிலும் நீரின்றிக் கெட்டதே அதிகம் என்ற கருத்துப்பட உரையாற்றினார். ஓர் இரவு முழுதும் கட்டுச்சோற்றை மடியில் வைத்துக்கொண்டு தாகித்திருந்த பிள்ளைக்கு இந்த எண்ணம் தோன்றியதில் வியப்பென்ன?

1948 ஜூலையில் தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பொரேஷன் பிறந்தது. மகாநதியின் குறுக்கே ஹிராகுட் அணை 1957 ஜனவரி 13-இல் திறக்கப்பட்டது. இவற்றால் ஆலைகளுக்கு மின்சாரமும் இலட்சக்கணக்கான ஏக்கருக்குப் பாசனமும் கிடைத்தன. ஆனால் இதன் மறுபக்கத்தை நாம் மறைத்தல் தகாது. ஹிராகுட் நீர்த்தேக்கத்தால் 22,000 குடும்பங்கள் வரையில் ஊர்விட்டுப் பெயர்ந்தன. சம்பல்பூர்ப் பக்கத்து மக்கள் 1946-லேயே அணையை எதிர்த்துக் கிளர்ந்தனர். தாமோதரில் மூழ்கிய ஊர்களில் சந்தால் பழங்குடியினர் பலர். பாஞ்செட் அணையை 1959 டிசம்பர் 6-இல், பாபாசாகேப்பின் மூன்றாம் நினைவு நாளில், ஒரு சந்தால் தொழிலாளப் பெண்ணின் கையால் பிரதமர் நேரு திறந்துவைத்தார். விழாவில் பிரதமருக்கு மாலையிட்டதை மணம் புரிந்ததாகக் கொண்டு அப்பெண்ணை அவள் இனத்தாரே விலக்கிவைத்தனர். அணையின் மின்சாரம் நகரங்களுக்குப் போயிற்று. நிலமிழந்தோர் பலர் அதே அணையில் கூலியாயினர்.

இதற்குப் பாபாசாகேப் பொறுப்பாளியா என்று வினவுவோர் உண்டு. திட்டங்கள் அவர் பதவியிலிருந்த காலத்தில் வகுக்கப்பட்டன. கட்டியதும் மக்களைப் பெயர்த்ததும் அவர் நீங்கிய பின்னர் வந்தவர்கள். இத்தோடு விடையை முடித்துக்கொள்வது எளிது. நாம் அங்ஙனம் முடிக்க விரும்பவில்லை. கைத்தொழில் வளர்ச்சியிலும் மத்திய ஆணையத்திலும் அவர் வைத்த நம்பிக்கை மிகப் பெரிது. மூழ்கும் ஊரின் குரல் அந்த ஆணையத்தின் மேஜையில் எவ்வாறு கேட்கும் என்பதற்கு ஏற்பாடு இருக்கவில்லை. எனினும் அவர் விரும்பிய அமைப்பின் ஒரு பாதியையே நாடு எடுத்துக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1947-இல் வெளியிட்ட மாகாணங்களும் சிறுபான்மையோரும் என்னும் நூலில், விவசாய நிலம் முழுவதும் அரசின் உடைமையாகி, சாதி வேற்றுமையின்றிக் கிராமத்தாருக்குக் கூட்டுப் பண்ணைகளாகக் கொடுக்கப்பட வேண்டும். நீரும் மாடும் கருவியும் எருவும் விதையும் அரசே தர வேண்டும். நிலப்பிரபுவும் இருக்கக் கூடாது, குத்தகைக்காரனும் நிலமற்ற கூலியும் இருக்கக் கூடாது என்று அவர் எழுதினார். அணைகள் எழுந்தன. பண்ணைகள் எழவில்லை. நிலமுள்ளவனுடைய நிலத்துக்கே வாய்க்கால் நீர் பாய்ந்தது. 1964 டிசம்பர் 6-இல் குடியரசுக் கட்சியார் நிலம் கேட்டு நாடெங்கும் சத்தியாக்கிரகம் தொடங்கிச் சிறை நிரப்பியது இக்குறையினால்தான்.

அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் கிணறு, குளம், நீராடு துறை ஆகியவற்றில் எவரையும் தடுக்கலாகாது என்று எழுதப்பட்டிருப்பதை நம்மவர் அறிவர். மகாட் குளத்தின் நினைவோடு அதைப் படித்தல் நன்று.

கடைசியாக, புத்தரும் அவர் தம்மமும் என்னும் நூலுக்கு வருகின்றோம். கண் மங்கி, கால் தளர்ந்து, சர்க்கரை நோயால் வாடிய ஆண்டுகளில் பாபாசாகேப் எழுதிய நூல் அது. சித்தார்த்தர் முதியவனையும் நோயாளியையும் பிணத்தையும் துறவியையும் கண்டு இல்லம் துறந்தார் என்ற கதையை நாம் இளமை முதல் கேட்டு வருகின்றோம். இருபத்தொன்பது வயது வரையில் அவற்றைக் காணாதிருத்தல் பொருந்தாது என்று பாபாசாகேப் அதைத் தள்ளிவிட்டார். அவ்விடத்தில் அவர் வைத்தது ஒரு நீர் வழக்கு. சாக்கியருக்கும் கோலியருக்கும் இடையே ஓடியது ரோகிணி நதி. இரு நாட்டாரும் அந்நீரால் பயிர் செய்தனர். எவர் முதலில் எவ்வளவு எடுப்பது என்று சச்சரவு மூண்டு அடிதடியாயிற்று. பழைய உரைநூல்களில் பகவன் புத்தர் ஞானம் பெற்ற பின்னர் இருபடைகளுக்கும் நடுவே நின்று இப்பிணக்கைத் தீர்த்ததாக வரும். பாபாசாகேப் அதனைத் துறவுக்கு முன்னால் கொண்டுவந்து, துறவுக்கே காரணமாக்கினார்.

அவர் சொல்லும் முறையில், சாக்கிய சங்கம் போர் தொடுக்கத் தீர்மானிக்கின்றது. இளைஞர் சித்தார்த்தர் எழுந்து எதிர்க்கின்றார். சாக்கியர் இருவரும் கோலியர் இருவரும் கூடி ஐந்தாமவர் ஒருவரைத் தேர்ந்து, அவ்வைவரும் வழக்கைத் தீர்க்கட்டும் என்கின்றார். வாக்கெடுப்பில் தோற்கின்றார். போருக்கு வர மறுத்தவருக்குத் தண்டனை தூக்கோ நாடுகடத்தலோ. அல்லது குடும்பத்தைச் சமூகம் விலக்கிவைத்து, அவர்கள் வயல்களைப் பறிமுதல் செய்யும். குற்றமற்ற குடும்பத்தை அந்நிலைக்கு ஆளாக்க வேண்டா என்று சொல்லி அவர் தாமே நாடு நீங்கிப் பரிவிராஜகராகின்றார். சமூக விலக்கு என்ற தண்டனையை அந்த இடத்தில் எழுதும்போது பாபாசாகேப்பின் மனத்தில் எத்தனை மகாராஷ்டிரக் கிராமங்கள் வந்து போயிருக்கும்! இரு தரப்பிலும் ஆள் எடுத்து ஒரே அவையில் அமர்த்தும் யோசனையை எழுதும்போது, வங்காளத்தையும் பீகாரையும் அமர்த்திய கல்கத்தா மேஜையும் வந்திருக்கும் என்பது நம் ஊகம்.

அக்கதை அவ்வளவில் நிற்கவில்லை. சித்தார்த்தர் நாடு நீங்கிய பின் மக்கள் மனம் மாறி, ரோகிணி நீரைப் பங்கிடுவதில் எழும் வழக்குகளைத் தீர்க்க நிரந்தர மத்தியஸ்த சபை ஒன்றை இரு நாட்டாரும் அமைத்துக்கொண்டனர் என்று செய்தி வருகின்றது. அவர் இனி வீடு திரும்பலாம்; காரணம் நீங்கிவிட்டது. ஆனால் அவர் திரும்பவில்லை. அரசர்க்குள்ளும் குலங்களுக்குள்ளும் தாய் மகனுக்குள்ளும் தந்தை மகனுக்குள்ளும் பூசல் இருக்கிறது, வகுப்புகளுக்கிடையே உள்ள பூசலோ இடையறாதது, ஒரு நதியின் வழக்கு தீர்ந்ததனால் அது தீர்ந்துவிடவில்லை என்று எண்ணி மேலே நடக்கின்றார்.

1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் பாபாசாகேப் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றார். டிசம்பர் 6-இல் தில்லியில் பரிநிர்வாணம் அடைந்தார். ரோகிணியின் கதை அடங்கிய அந்நூல் பம்பாயில் அச்சாகி வெளிவந்தது 1957-இல், ஹிராகுட்டின் மதகுகள் திறந்த அதே ஆண்டில்.